அந்த எண் யாருடையது? கன்டெய்னர் காலத்தில் சர்வர் கண்காணிப்பு

திருமலையின் அன்றாட நிலவரம் நாளிதழ்களில் பல ஆண்டுகளாக ஒரே அமைப்பில்தான் வருகிறது. முந்தைய நாள் தரிசனம் செய்தவர்கள் எத்தனை பேர், முடி காணிக்கை செலுத்தியவர்கள் எத்தனை பேர், உண்டியலில் எவ்வளவு, வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் எத்தனை அறைகள் நிரம்பியிருக்கின்றன, டோக்கன் இல்லாதவர்கள் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மலைக்குக் கிளம்பும் குடும்பம் முதல் மூன்றையும் தாண்டிக் கடைசி இரண்டில்தான் கண்ணை வைக்கும். ஐந்தும் உண்மையான எண்கள்தான். ஆனால் பயணத்தைத் தீர்மானிக்க உதவுபவை அந்த இரண்டு மட்டுமே.

அதே திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுகள் மாதந்தோறும் அறிவிக்கப்பட்ட நாளில் காலை 10 மணிக்கு இணையத்தில் திறக்கப்படுகின்றன. பல மாநிலங்களிலிருந்து பெருங்கூட்டம் ஒரே நிமிடத்தில் உள்ளே வர முயல்கிறது. இந்த நெரிசலைத் தாங்குவதற்காகத் தேவஸ்தானம் 2021 செப்டம்பரில் ஜியோவின் கிளவுட் வசதியைப் பயன்படுத்தியது அப்போது பரவலாகச் செய்தியானது. இத்தகைய சேவையை நடத்துகிற எவருக்கும் எழும் கேள்வி பழையது: சர்வர் நலமா இல்லையா என்பதை எந்த எண் சொல்லும், அதை எங்கே நின்று எடுப்பது? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதற்குப் பல விடைகள் வந்திருக்கின்றன. சர்வருக்குள் கன்டெய்னர்கள் புகுந்த பின் அவற்றில் சில செல்லாமல் போயின. சில மறுபடி உயிர்பெற்றன.

கேட்டு வாங்குவதா, அனுப்பச் சொல்வதா

1988இல் எஸ்என்எம்பி நெறிமுறை வந்தபோது விடை எளிமையாக இருந்தது. மையத்தில் ஒரு கணினி இருக்கும். குறித்த இடைவெளியில் ஒவ்வொரு ரவுட்டரையும் சர்வரையும் கேட்டு எண்களை வாங்கும். 1995இல் டோபியாஸ் ஓய்ட்டிகர் வெளியிட்ட எம்ஆர்டிஜி, அந்த எண்களை வலைப்பக்கத்தில் கிராஃபாக வரைந்தது. அதன் வழக்கமான இடைவெளி 5 நிமிடம். நெட்வொர்க் கேபிளில் ஓடும் போக்குவரத்தைப் பார்க்க அது போதும். டிக்கெட் விற்பனை 10 நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு சேவைக்கு அது தருவதோ இரண்டே புள்ளிகள். எம்ஆர்டிஜியின் பெயர் மறக்கப்பட்ட பிறகும், அந்த 5 நிமிடப் பழக்கம் பல அலுவலகங்களில் இன்னும் போகவில்லை.

1999இல் ஈத்தன் கால்ஸ்டாட் நெட்செயின்ட் என்ற பெயரில் தொடங்கி, 2002 முதல் நாகியோஸ் என அறியப்படும் கருவி, கேள்வியையே மாற்றியது. அது எண்ணைவிட நிலையை முதன்மையாக்கியது: சரி, எச்சரிக்கை, ஆபத்து. இரவுப் பணியில் இருப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் எச்சரிக்கைக் கோட்டை எங்கே போடுவது என்ற சிக்கலை அது நிர்வாகியின் தலையில் வைத்தது. மாதம் முழுவதும் அமைதியாக இருந்து ஒரு காலையில் மட்டும் கொதிக்கும் சர்வருக்கு, எந்தக் கோடு போட்டாலும் 29 நாளுக்கு உயரமாகவோ ஒரு நாளுக்குத் தாழ்வாகவோதான் இருக்கும்.

எதிர்த்திசை விடை 2011இல் எட்ஸி நிறுவனம் வெளியிட்ட ஸ்டாட்ஸ்டியுடன் பிரபலமானது. கேட்கும்வரை காத்திராமல் நிரலே தன் எண்ணை யுடிபி வழியாக அனுப்பிவிடும். எழுதுபவருக்கு ஒரு வரி கூடுதல் வேலை, அவ்வளவுதான். அதன் பலவீனமும் யுடிபியிலேயே இருக்கிறது: போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. நெரிசல் உச்சத்தில் பொட்டலங்கள் தொலையும். அப்போது கிராஃப் இறங்கும். அதைச் சுமை குறைந்ததாக எடுத்துக்கொள்வது எளிது.

கூகுளில் 2003 முதல் போர்க்மான் என்ற உள்கருவி இருந்தது. அங்கிருந்து வெளியேறிய பொறியாளர்கள் பெர்லினின் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் புரோமீதியஸைத் தொடங்கினார்கள். 2015இல் அது பொதுவெளிக்கு வந்தது. மறு ஆண்டு, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸை அடுத்துக் கிளவுட் நேட்டிவ் அறக்கட்டளையில் சேர்ந்த இரண்டாவது திட்டமானது. இது மீண்டும் கேட்டு வாங்கும் முறை. அதன் நுட்பமான பயன் ஒன்று உண்டு: கேட்டும் பதில் வராவிட்டால் ‘அப்’ என்ற எண் 0 ஆகப் பதிவாகும். அனுப்பும் முறையில் மௌனம் வெறும் வெற்றிடம். இங்கே மௌனமும் ஒரு தரவு. குறையும் உண்டு. சில நொடிகளே ஓடி முடிந்துவிடும் பணிகளை இது கேட்கப் போவதற்குள் அவை மறைந்திருக்கும். அதற்காகச் சேர்க்கப்பட்ட புஷ்கேட்வே, கடைசியாக வந்த எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பணி செத்த பின்னும் அதன் பழைய எண் உயிரோடு தெரியும்.

எது சரி என்ற வாதத்தை முடிக்க, திருமலை இருக்கும் திருப்பதி மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 மாவட்டப் பிரிப்பில் இந்த மாவட்டத்துக்கு வந்த ஸ்ரீஹரிகோட்டாவில், 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. ராக்கெட் தன் உள்நிலையைத் தொலையளவி மூலம் தானே அனுப்புகிறது. அதே நேரத்தில் தரையிலுள்ள ரேடார்கள் அதன் பாதையைத் தனியே பின்தொடர்கின்றன. உள்ளிருந்து வருவதும் வெளியிலிருந்து பார்ப்பதும் ஒன்றையொன்று சரிபார்க்கும். சர்வர் உலகமும் தாமதமாக இந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது: 2024 நவம்பரில் வந்த புரோமீதியஸ் 3.0, ஓப்பன்டெலிமெட்ரி முறையில் அனுப்பப்படுவதையும் வாங்கிக்கொள்கிறது. கேட்பதா அனுப்புவதா என்ற சண்டையில் சூடு தணிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

கன்டெய்னருக்குள் தெரிவது யாருடைய மெமரி

கன்டெய்னர் என்று தனியாக ஒரு பொருள் லினக்ஸில் இல்லை. பார்வையைக் கட்டுப்படுத்தும் நேம்ஸ்பேஸ்களும் அளவைக் கட்டுப்படுத்தும் சிகுரூப்களும் சேர்ந்த ஏற்பாடு அது. சிகுரூப் பணியைக் கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கினர். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் அது சேர்ந்தது. 2013இல் டாக்கர் வந்த பின்தான் இவை சாதாரண நிர்வாகியின் கைக்கு எட்டின.

இங்குதான் அளவுகளில் குழப்பம் புகுந்தது. 64 ஜிபி மெமரி உள்ள சர்வரில், 512 எம்பி வரம்பு போட்ட ஒரு கன்டெய்னருக்குள் நுழைந்து ‘ஃப்ரீ’ கட்டளையைக் கொடுத்தால் வழக்கமான அமைப்பில் 64 ஜிபி என்றே காட்டும். மெமரி விவரம் இருக்கும் ‘புரோக்’ கோப்பு கன்டெய்னருக்கென்று பிரிக்கப்படவில்லை. அதை நம்பி ஒரு நிரல் தனக்கு 8 ஜிபி எடுத்துக்கொள்ள முயன்றால், கெர்னல் அதைக் கொன்றுவிடும். பதிவில் 137 என்ற வெளியேற்ற எண் மட்டும் மிஞ்சும். இதைச் சரிசெய்யவே எல்எக்ஸ்சிஎஃப்எஸ் போன்ற ஏற்பாடுகள் வந்தன. ஆனால் அவை எல்லா இடத்திலும் இல்லை.

சர்வர் அளவுகளை எடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டரையே கன்டெய்னரில் போட்டால் நிலைமை இன்னும் விசித்திரமாகிறது. தனி ஏற்பாடு எதுவும் செய்யாமல் ஓடவிட்டால், சிபியு, மெமரி, லோடு மூன்றும் சர்வருடையவையாகவே வரும். நெட்வொர்க் எண்களோ அந்தக் கன்டெய்னருடையவை மட்டும். டிஸ்க் பகுதியில் கன்டெய்னருக்குள் தெரியும் மவுண்ட்கள்தான் இருக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு வெவ்வேறு உலகங்களின் எண்கள் அருகருகே நிற்கின்றன. எது எதனுடையது என்று சொல்லும் குறிப்பு அங்கே இல்லை. முற்றிலும் தவறான எண்ணாக இருந்தால் யாராவது கவனிப்பார்கள். பாதி சரியாக இருப்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம்.

கருவியை எங்கே வைப்பது

இதில் மூன்று நிலைப்பாடுகளைக் காணலாம். எல்லாவற்றையும் கன்டெய்னரில் வைப்பது முதலாவது. புரோமீதியஸ், கிராஃப் வரையும் கிராஃபானா, நோட் எக்ஸ்போர்ட்டர், கன்டெய்னர்களை அளக்க 2014இல் கூகுள் வெளியிட்ட சிஅட்வைசர் ஆகிய நான்கையும் ஒரே டாக்கர் கம்போஸ் கோப்பில் எழுதி, ஒரே கட்டளையில் எழுப்புவது. சர்வர் மாறினாலும் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விடலாம். மேம்படுத்துவதும் பழைய பதிப்புக்குத் திரும்புவதும் எளிது. ஏர்ப்பேட்டில் ஐஐடி, எஸ்.வி. பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரிகள் என்று படிப்புக்கே பெயர்பெற்ற திருப்பதி போன்ற ஊரில், ஆய்வகத்து சர்வரைக் கவனிக்கும் மாணவர் ஆண்டுதோறும் மாறுவார். செய்த வேலை முழுவதும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருப்பதன் மதிப்பு அங்கே தெரியும்.

ஆனால் அந்த ஒரே கோப்பில் பிழைக்கு இடங்கள் பல. நோட் எக்ஸ்போர்ட்டருக்குச் சர்வரின் நெட்வொர்க்கையும் பிராசஸ் பட்டியலையும் பார்க்க அனுமதி கொடுத்து, மூல டைரக்டரியைப் படிக்க மட்டும் என்ற நிபந்தனையுடன் உள்ளே மவுண்ட் செய்து, அந்த இடத்தைக் கருவிக்கும் சொல்லவேண்டும். புரோமீதியஸ் அமைப்பில் நோட் எக்ஸ்போர்ட்டரின் முகவரியை ‘லோக்கல்ஹோஸ்ட்’ 9100 என்று எழுதினால் அது தன்னையே போய்க் கேட்டுவிட்டு, பதில் இல்லை என்று சொல்லும். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னர்தான். தரவுக்கு வால்யூம் ஒதுக்காமல் விட்டால், கன்டெய்னரை நீக்கி மறுபடி எழுப்பும்போது பழைய வரலாறு போய்விடும். சர்வரின் டைரக்டரியை நேரடியாக மவுண்ட் செய்தால் அனுமதிச் சிக்கல்: புரோமீதியஸ் படிமம் 65534 என்ற பயனர் எண்ணிலும் கிராஃபானா 472இலும் ஓடுகின்றன, டைரக்டரியின் உரிமை அதற்கேற்ப மாற்றப்படாவிட்டால் கன்டெய்னர் எழுந்தவுடன் விழும்.

இவை தாமாகவே தெரிந்துவிடும் பிழைகள். தெரியாதவை பாதுகாப்பில் இருக்கின்றன. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே திறக்கும்போது தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. யுஎஃப்டபிள்யூ மூடியதாகச் சொல்லும் புரோமீதியஸின் 9090 போர்ட் இணையம் முழுவதற்கும் திறந்து கிடக்கலாம். டாக்கர் சாக்கெட்டை ஏதாவது ஒரு கண்காணிப்புக் கன்டெய்னருக்குள் கொடுத்தால், அந்தக் கன்டெய்னரைப் பிடித்தவர் சர்வரின் ரூட் அதிகாரத்தைப் பிடித்தவராகிறார். பார்ப்பதற்கு மட்டும் என்று வைத்த கருவி, வீட்டின் பலவீனமான கதவாக மாறும் இடம் இது. எல்லாவற்றையும் கன்டெய்னரில் வைக்கச் சொல்பவர்கள் இதற்குத் தரும் விடை, போர்ட்களை உள்முகவரியில் மட்டும் கட்டுவதும் முன்னால் ஒரு ப்ராக்ஸி வைப்பதும். அது வேலை செய்யும். ஆனால் எத்தனை அமைப்புகளில் செய்யப்படுகிறது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது நிலைப்பாடு: சர்வரை அளக்கும் எக்ஸ்போர்ட்டர் மட்டும் சர்வரிலேயே சிஸ்டம்டி சேவையாக ஓடட்டும், சேமிப்பதும் வரைவதும் கன்டெய்னரில் இருக்கட்டும். நோட் எக்ஸ்போர்ட்டரின் சொந்த ஆவணமே, அது சர்வரை அளக்கவே உருவாக்கப்பட்டது என்றும் கன்டெய்னரில் போடக் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. டாக்கர் சேவையே நின்றுவிட்டாலும் அளவெடுப்பு நிற்காது என்பது இதன் பலம். இரண்டு விதமான நிர்வாகத்தைத் தாங்கவேண்டும் என்பது இதன் விலை. ஒன்றிரண்டு சர்வர்கள் மட்டும் உள்ள இடத்தில் இந்த நிலைப்பாடே பொருத்தமானது என்பது என் கணிப்பு. நூற்றுக்கணக்கில் சர்வர்கள் இருந்து குபர்நெட்டீஸும் இருந்தால், சமநிலை முதல் பக்கமே சாயும்.

மூன்றாவது, அளவுகளைப் பணம் கொடுத்து வெளிநிறுவனத்திடம் ஒப்படைப்பது. பராமரிப்பு குறையும், மாதக் கட்டணமும் தரவு எங்கே போகிறது என்ற கேள்வியும் கூடும். சிறிய நிறுவனங்களுக்கு இது தேவையில்லாமலே போகலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு சர்வரிலிருந்து 1,000 அளவுத் தொடர்கள், 15 நொடிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 57.6 லட்சம் பதிவுகள். புரோமீதியஸ் ஒரு பதிவுக்கு 1 முதல் 2 பைட் எடுக்கும். நாளுக்கு ஏறத்தாழ 6 முதல் 12 எம்பி. அதன் வழக்கமான 15 நாள் சேமிப்புக்கு 200 எம்பிகூட ஆகாது.

சதவீதம் மறைப்பது

எங்கே வைப்பது என்பதைவிட எதை அளப்பது என்பதில்தான் நிர்வாகிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். சிபியு எத்தனை சதவீதம் என்பது எல்லா டாஷ்போர்டிலும் முதலில் நிற்கும் எண். கன்டெய்னருக்கு அரை சிபியு வரம்பு வைத்தால், கெர்னல் ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் 50 மில்லிநொடி வேலைநேரம் தரும். நான்கு திரெட்கள் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த 50 மில்லிநொடியும் 12.5 மில்லிநொடியில் தீர்ந்துவிடும், மீதி 87.5 மில்லிநொடி நிரல் கட்டிப்போடப்பட்டிருக்கும். இப்படிச் சில தவணைகளில் மட்டும் நடந்தால், ஒரு நிமிடச் சராசரியில் சிபியு 30 சதவீதம் என்றே தெரியும். பயனருக்கோ பக்கம் இழுக்கும். சிஅட்வைசர் தரும் அளவுகளில், எத்தனை தவணை கட்டிப்போடப்பட்டது என்ற எண்ணும் இருக்கிறது. பெரும்பாலான டாஷ்போர்டுகளில் அதைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.

மெமரியிலும் இதே கதை. பயன்பாடு என்று காட்டப்படும் எண்ணில் கோப்புகளுக்கான தற்காலிக கேஷும் சேரும். வரம்பைத் தொட்டது போலத் தெரிந்து வீண் அலர்ட் அடிக்கும். பயன்படாமல் கிடக்கும் கேஷைக் கழித்த ‘வொர்க்கிங் செட்’ எண் உண்மைக்கு இன்னும் நெருக்கமானது.

இதற்கு வந்த விடைகள் மூன்று. பிரெண்டன் கிரெக் 2012 வாக்கில் முன்வைத்த யூஸ் முறை, ஒவ்வொரு வளத்துக்கும் பயன்பாட்டுடன் நெரிசலையும் பிழையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. கூகுளின் எஸ்ஆர்இ நூல் 2016இல் நான்கு அடையாளங்களைச் சொன்னது: தாமதம், வரத்து, பிழை, நெரிசல். 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20 கெர்னலில் ஃபேஸ்புக் பொறியாளர்களின் பிஎஸ்ஐ அளவு சேர்ந்தது. நிரல்கள் சிபியு, மெமரி, டிஸ்க் ஆகியவற்றுக்காக எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தன என்பதை அது நேரடியாகத் தருகிறது. மூன்றும் வெவ்வேறு பாதையில் வந்து, காத்திருப்பை எண்ணு என்ற ஒரே இடத்தில் சேர்கின்றன.

திருமலை நிலவரத்தை இந்த இடத்தில் மறுபடி பார்க்கலாம். நாளுக்கு 70,000 பேர் தரிசித்தார்கள் என்ற எண், 8 மணி நேரம் காத்திருந்த நாளிலும் 20 மணி நேரம் காத்திருந்த நாளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க முடியும். சன்னிதியின் கொள்ளளவு அவ்வளவுதான். அது நிரம்பிய பின் கூட்டம் எவ்வளவு கூடினாலும் அந்த எண் அசையாது. அசைவது அறைகளும் மணிநேரமும். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இதைக் கணக்காக்குகிறது: மணிக்கு 3,500 பேர் தரிசிக்கும் வரிசையில் 42,000 பேர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 12 மணி நேரம். இணைய முன்பதிவுக்கும் இது அப்படியே பொருந்தும். முகப்பில் மெய்நிகர் வரிசை வைத்துக் கூட்டத்தை அளந்து உள்ளே விடும் தளத்தில், பின்னாலிருக்கும் சர்வர்களின் சிபியுவும் மெமரியும் பச்சையிலேயே இருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்து, வெளியே நிற்கும் லட்சம் பேரின் நிலையை யாரும் அறிய முடியாது. வரிசையின் நீளமும் ஒருவர் உள்ளே நுழைய ஆகும் நேரமும் டாஷ்போர்டின் உச்சியில் இருக்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். திருமலையில் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையமும், கேமராக்கள் வழியாகக் கூட்டத்தையும் வரிசையையும் அளப்பதை முக்கியமாகக் கொண்டிருக்கிறது.

வெளியில் ஒரு கண்

கண்காணிக்கும் கருவி, கண்காணிக்கப்படும் சர்வரிலேயே இருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பு முடங்கியபோது, முடக்கத்தை அறிவிக்கவேண்டிய நிலவரப் பக்கத்தையே புதுப்பிக்க முடியவில்லை; அதுவும் எஸ்3ஐ நம்பியிருந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ 6 மணி நேரம் மறைந்தபோது, கோளாறைத் தேட உதவும் உள்கருவிகளும் உடன் போயின.

மாற்று மலிவானது. வேறொரு நெட்வொர்க்கில் உள்ள சிறிய கணினியில் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டரை வைத்து, பயனரைப் போலவே தளத்தைத் திறந்து பார்க்கச் செய்யலாம். எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை வைத்து, அது வருவது நின்றால் வெளியிலுள்ள சேவை நிர்வாகியை எழுப்பும்படி செய்யலாம். இவை இரண்டும் இல்லாத கண்காணிப்பு அமைப்பு எவ்வளவு அழகான கிராஃப் வரைந்தாலும் அரைகுறைதான்.

இன்னும் தீராதவை

கன்டெய்னருக்குக் கன்டெய்னர் பெயர் மாறுவதால், கன்டெய்னர் புதிதாக உருவாகும் ஒவ்வொரு முறையும் புதிய அளவுத் தொடர்கள் பிறக்கின்றன. நெரிசல் நாளில் கன்டெய்னர்கள் பெருகும்போது புரோமீதியஸின் மெமரியும் பெருகி, மிகவும் தேவையான நேரத்தில் அதுவே விழும் அபாயம் இருக்கிறது. பழைய தொடர்களை எப்போது மறப்பது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விதி இல்லை. பயனர் வாரியாகவோ டிக்கெட் வாரியாகவோ அளவுகளைப் பிரித்தால் விவரம் கிடைக்கும், சேமிப்பு வெடிக்கும். பிரிக்காவிட்டால் எந்த ஊர்க்காரருக்கு, எந்த மொபைல் நெட்வொர்க்கில் பக்கம் திறக்கவில்லை என்பது தெரியாது. புரோமீதியஸின் நேட்டிவ் ஹிஸ்டோகிராம்கள் தாமதப் பரவலைச் சிக்கனமாகச் சேமிக்கின்றன. ஆனால் பிரிவுகளின் எண்ணிக்கைச் சிக்கலை அவை முழுமையாகத் தீர்க்கவில்லை.

இடைவெளியும் தீராத கேள்விதான். 15 நொடி என்பது பெரும்பாலான சேவைகளுக்குப் போதும் என்று தோன்றுகிறது. 10 மணி 0 நொடிக்கும் 10 மணி 15 நொடிக்கும் நடுவில் ஒரு தளம் விழுந்து எழுந்தால், அதைப் பார்க்க 1 நொடி இடைவெளி வேண்டும். அது மாதம் முழுவதும் வீண் செலவு. குறித்த நேரத்தில் மட்டும் இடைவெளியைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சிலர் தாமே கட்டிக்கொள்கிறார்கள். புரோமீதியஸில் அதற்குச் சொந்த வசதி இல்லை. மாதத்தில் ஒரு காலை மட்டும் வரும் சுமைக்கு எச்சரிக்கைக் கோட்டை எப்படி வகுப்பது என்று 1999இல் எழுந்த கேள்வியும், முந்தைய மாதத்தின் அதே 10 மணியோடு ஒப்பிடுவது என்ற பாதி விடையுடன் நிற்கிறது. பண்டிகை மாதமும் கோடை விடுமுறையும் வந்தால் அந்த ஒப்பீடும் செல்லாது.